சுற்றுலா முடிந்து கையில் மிஞ்சிய வெளிநாட்டுப் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் விமானம் விட்டிறங்கி, தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ மன்னார்குடிக்கோ வந்து பெட்டியைப் பிரித்தால், அடியில் நாலைந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டும் ஒரு கைப்பிடி சில்லறையும் கிடைக்கும். பீரோவில் போட்டுவைத்தால் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். டெல்டா மாவட்டங்களிலிருந்து சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, இலங்கை, நேபாளம் என்று போய்வருகிறவர்கள் அதிகம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம்.

மிஞ்சிய பணத்தை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி தப்பா?

ஒரு வரம்புக்குள் தப்பில்லை. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 1999-இன் கீழ் உள்ள விதிகள்படி, இந்தியாவில் வசிக்கும் ஒருவர் 2,000 அமெரிக்க டாலர் அல்லது அதற்கு ஈடான வேறு நாட்டு நோட்டுகளை அடுத்த பயணத்துக்கென்று எத்தனை காலம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். அதற்கு மேல் மிஞ்சியதை ஊர் திரும்பிய 180 நாளுக்குள் வங்கியிலோ உரிமம் பெற்ற மணி சேஞ்சரிடமோ கொடுத்துவிட வேண்டும். நாணயத்துக்கு எந்த வரம்பும் இல்லை. ஒரு டப்பா நிறைய வைத்திருந்தாலும் யாரும் கேட்க முடியாது.

இந்த வரம்பு ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. பணம் நேர்வழியில் வந்ததாகவும் இருக்க வேண்டும். பயணத்துக்காக வாங்கி மிஞ்சியது, வெளிநாட்டில் இருந்தபோது அன்பளிப்பாகவோ செய்த வேலைக்கோ கிடைத்தது போன்றவை அதில் சேரும். அதனால் போகும்போது டாலர் வாங்கிய பில்லைத் தூக்கி எறியாதீர்கள். அதைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைப்பது நல்ல பழக்கம்.

பயணம் ரத்தாகி, வாங்கிய பணம் அப்படியே இருந்தால், 180 நாள் கணக்கு வாங்கிய தேதியிலிருந்து ஓடும்.

180 நாள் எப்போதோ தாண்டிவிட்டது. இப்போது கொண்டுபோனால் மாட்டிக்கொள்வேனா?

பயந்துகொண்டு ஒளித்து வைக்காதீர்கள், கொண்டுபோங்கள். கெடு முடிந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அந்தப் பணத்தை வாங்க மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே தன் அறிவுரைகளில் சொல்லியிருக்கிறது. கவுண்டரில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். பொறுமையாக மேலாளரிடம் கேளுங்கள்.

எங்கே மாற்றுவது? எங்கள் ஊர் வங்கிக் கிளையில் முடியாது என்கிறார்கள்.

எல்லாக் கிளையும் வெளிநாட்டு நோட்டை வாங்காது. அந்நியச் செலாவணி கையாளும் கிளைகள் தனி. நாச்சியார்கோவிலிலோ வலங்கைமானிலோ இருக்கும் கிளையில் “தஞ்சாவூர் போங்க, திருச்சி போங்க” என்று அனுப்பினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. போன் செய்து கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் மிச்சமாகும்.

சின்னத் தொகைக்கு உரிமம் பெற்ற மணி சேஞ்சர்தான் சுலபம். ரிசர்வ் வங்கி கொடுத்த உரிமம் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அன்றைய வாங்கும் விலையும் விற்கும் விலையும் பலகையில் இருக்க வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டதற்குச் சான்றிதழ் தர வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது. வெறும் டிக்கெட் போடும் கடையில், “கொடுங்க, நான் பார்த்துக்கறேன்” என்று ரசீது இல்லாமல் வாங்கினால் கொடுக்காதீர்கள்.

இறங்கியதும் விமான நிலையத்திலேயே மாற்றிவிட்டால் வேலை முடிந்ததே?

வேலை முடியும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கணக்குக்காக ஒரு சிங்கப்பூர் வெள்ளியின் சந்தை விலை 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் 180 வெள்ளி இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் கடை 63.50-க்கு எடுத்தால் 11,430 ரூபாய். விமான நிலையக் கவுண்டர் 59-க்கு எடுத்தால் 10,620 ரூபாய். வித்தியாசம் 810 ரூபாய். பத்து வெள்ளிதான் கையில் இருக்கிறது என்றால் வித்தியாசம் 45 ரூபாய், அதற்காக அலைய வேண்டாம்.

பலகையில் இரண்டு விலை இருக்கும். உங்களுக்கு உரியது அவர்கள் வாங்கும் விலை, அதாவது இரண்டில் குறைவானது. “கமிஷன் கிடையாது” என்று எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், லாபம் அந்த விலைக்குள்ளேயே இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “ஜிஎஸ்டி எல்லாம் போக என் கைக்கு எவ்வளவு வரும்?” இரண்டு கடைக்குப் போன் போட்டு இதே கேள்வியைக் கேட்டால் போதும்.

என் பணத்தை நான் கொடுக்கிறேன். அதற்கும் ஜிஎஸ்டியா?

ஆமாம். பணம் மாற்றித் தருவது ஒரு சேவை என்பதால் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஆனால் அது முழுத் தொகைக்கு இல்லை, சேவையின் மதிப்பு என்று விதி வகுத்திருக்கும் ஒரு சிறு பகுதிக்குத்தான். பரவலாகப் பின்பற்றப்படும் முறையில், ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றினால் அதில் 1 சதவீதம் சேவை மதிப்பு, குறைந்தபட்சம் 250 ரூபாய். அதற்கு மேல் பத்து லட்சம் வரை, 1,000 ரூபாயோடு ஒரு லட்சத்தைத் தாண்டிய தொகையில் அரை சதவீதம்.

இதைப் போட்டுப் பார்த்தால், 25,000 ரூபாய் வரை எவ்வளவு மாற்றினாலும் வரி 45 ரூபாய்தான். ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய், மூன்று லட்சத்துக்கு 360 ரூபாய்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே ஒரு ஐந்து வெள்ளி நோட்டை நீட்டினால் கிடைப்பது முந்நூறு ரூபாய்ச் சொச்சம், அதில் 45 போய்விடும். மாமனார் வீட்டில் கிடக்கும் இருபது வெள்ளி, உங்களிடம் இருக்கும் முப்பது வெள்ளி என்று துண்டு துண்டாக மாற்றினால் ஒவ்வொரு தடவையும் 45. ஒருவரே இரண்டு முறை போய்வந்து மிஞ்சியது என்றால், சேர்த்து ஒரே நடையில் கொண்டுபோங்கள்.

கையில் என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

பாஸ்போர்ட் அசலும் நகலும், பான் கார்டு, முன்பு டாலர் வாங்கிய பில், வங்கிக் கணக்கு விவரம். 1,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை இந்தியாவில் வசிப்பவருக்கு ரொக்கமாகத் தரலாம். அதற்கு மேல் காசோலை அல்லது கணக்குக்குத்தான் வரும். நோட்டுகளை நாடு வாரியாகவும் மதிப்பு வாரியாகவும் பிரித்து, எண்ணி, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கவுண்டரில் எண்ணும்போது பார்வையை எடுக்காதீர்கள்.

நல்ல நோட்டு, ஆனாலும் வாங்க மறுத்துவிட்டார்கள். ஏன்?

நம் வீடுகளில் நோட்டு கெடும் விதமே தனி. முதல் காரணம் பூஜை அறை. மகன் அனுப்பிய முதல் நூறு டாலர் என்று சாமி படத்துக்கு முன் வைத்து, சந்தனம் குங்குமம் தொட்டு வைப்பார்கள். அந்தச் சிவப்புக் கறை நோட்டின் நாரில் இறங்கிவிடும், போகவே போகாது. எந்த மணி சேஞ்சரும் அதைத் திருப்பித்தான் தருவார். வணங்க வேண்டுமென்றால் நோட்டை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறையின் மேல் பொட்டு வையுங்கள்.

நோட்டுக் கட்டுக்கு ஸ்டேப்லர் அடிப்பது, எண்ணிக்கையைப் பேனாவால் நோட்டில் எழுதுவது, நாலாக மடிப்பது ஆகியவையும் இதே வகைதான். இங்கே புழங்கும் நோட்டில் பேனாக் கிறுக்கல் பழகிப்போனது, ஆனால் அமெரிக்க டாலரில் ஒரு கோடு இருந்தாலே விலையைக் குறைப்பார்கள் அல்லது வேண்டாம் என்பார்கள். டாலரில் 1, 5, 10, 20 போன்ற சின்ன நோட்டுக்கு நூறு டாலர் நோட்டைவிடக் குறைந்த விலை கொடுக்கும் கடைகளும் உண்டு.

நாகப்பட்டினம், வேதாரண்யம், அதிராம்பட்டினம் பக்கம் உப்புக் காற்று. மழைக்காலத்தில் டிரங்குப் பெட்டிக்குள் காகித நோட்டில் கரும்புள்ளி விழும். காற்றுப் புகாத உறையில், மடிக்காமல் வையுங்கள். சிங்கப்பூர் 2, 5, 10 வெள்ளி நோட்டுகள் பிளாஸ்டிக் வகை. கசங்கியிருக்கிறதே என்று இஸ்திரி போட்டால் சுருங்கிப் பாழாகிவிடும். கனமான புத்தகத்துக்குள் இரண்டு நாள் வைத்தால் போதும்.

தாத்தாவின் பெட்டியில் பழைய நோட்டுகள் இருக்கின்றன. செல்லுமா?

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, நாகூர், திருமலைராயன்பட்டினம் என்று கடல் கடந்து போனவர்கள் உள்ள ஊர்களில் இது அடிக்கடி வரும் கேள்வி. ஒவ்வொரு நாட்டுக்கும் பதில் வேறு.

சிங்கப்பூர்: 1967 முதல் வெளியான நோட்டுகள் எல்லாம் இன்றும் அங்கே செல்லும். ஆர்க்கிட் பூப் போட்டது, பறவை போட்டது, கப்பல் போட்டது எதுவானாலும் மதிப்பு உண்டு. 1,000 வெள்ளி நோட்டு அச்சிடுவது 2021-இல் நின்றது, ஆனால் செல்லும். இங்குள்ள மணி சேஞ்சர் பழைய வரிசையை அடையாளம் தெரியாமல் மறுக்கலாம், சிங்கப்பூர் போகும்போது அங்குள்ள வங்கியில் காட்டுங்கள். நல்ல நிலையில் உள்ள ஆர்க்கிட் நோட்டை மாற்றும் முன் நாணயச் சேகரிப்பாளர் ஒருவரிடம் விலை கேளுங்கள், முகமதிப்பைவிடக் கூடுதலாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

வாழைமர நோட்டு: 1942 முதல் 1945 வரை மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்திருந்த ஜப்பானியர் அச்சிட்டது. 10 டாலர் நோட்டில் குலை தள்ளிய வாழைமரம் இருக்கும். ஜப்பான் தோற்றதும் அது வெறும் காகிதமாகிவிட்டது. கட்டுக்கட்டாக வைத்திருந்தாலும் எந்த வங்கியும் வாங்காது, சேகரிப்பாளருக்கு மட்டுமே அதில் ஆர்வம்.

மலேசியா: 500, 1,000 ரிங்கிட் நோட்டுகள் 1999-இலேயே செல்லாதவை ஆகிவிட்டன. யாராவது “தள்ளுபடி விலையில் தருகிறேன்” என்று அந்த நோட்டைக் காட்டினால் அது மோசடி.

பிரிட்டன்: காகிதப் பவுண்ட் நோட்டு எதுவும் இப்போது கடையில் செல்லாது. கடைசியாக 20, 50 பவுண்ட் காகித நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-ஓடு முடிந்தன. ஆனால் இங்கிலாந்து வங்கி தன் பழைய நோட்டுகளைக் காலவரம்பின்றி மாற்றித் தருகிறது, தபாலிலும் அனுப்பலாம்.

குவைத்: 2014-இல் புது வரிசை வந்தது. அதற்கு முந்தைய வரிசையை மாற்றும் கெடுவும் 2025 ஏப்ரலில் முடிந்துவிட்டது.

அமெரிக்க டாலருக்குக் காலாவதியே கிடையாது. ஆனால் 2013-இல் வந்த நீலப் பட்டை நூறு டாலருக்குப் பழகிய கடைகள், பழைய சின்னத்தலை (தலைப் படம் சிறியதாக இருக்கும்) நோட்டை வாங்கத் தயங்கும். வேறு கடை பாருங்கள்.

சில்லறைக் காசை யார் வாங்குவார்கள்?

நம் ஊரில் யாரும் வாங்க மாட்டார்கள். வங்கியோ மணி சேஞ்சரோ நோட்டு மட்டும்தான் எடுப்பார்கள். நாணயத்தைத் திருப்பி அனுப்பும் செலவு அதன் மதிப்பைத் தின்றுவிடும். ஆகவே அதை அந்த நாட்டிலேயே தீர்த்துவிட்டு வருவதுதான் வழி. கிளம்பும் நாளில் சாப்பாட்டுக்கோ மிட்டாய்க்கோ பணம் கட்டும்போது, “இந்தக் காசெல்லாம் எடுத்துக்குங்க, மீதி கார்டில்” என்று சொல்லுங்கள், பெரும்பாலான கடைகளில் பிரித்துப் போட்டுத் தருவார்கள். சிங்கப்பூரில் ஒரே மதிப்புள்ள காசு 20-க்கு மேல் கொடுத்தால் கடைக்காரர் மறுக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

அப்படியும் வந்துவிட்டால் பிள்ளைகளிடம் கொடுங்கள். சிங்கப்பூர்க் காசை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் நாட்டின் பெயர் நான்கு மொழியில் இருக்கும், அதில் ஒன்று நம் எழுத்தில் “சிங்கப்பூர்”. 2013 வரிசையில் 20 காசில் சாங்கி விமான நிலையம், 50 காசில் துறைமுகம், ஒரு வெள்ளியில் மெர்லயன் சிங்கம். ஐந்து வகைக் காசும் சேர்ந்த ஒரு முழு வரிசையாக ஒட்டிவைத்தால் பள்ளிக்கூடத்துக்கே பயன்படும்.

நாகை – காங்கேசன்துறை கப்பலில் யாழ்ப்பாணம் போய்வந்தோம். இலங்கை ரூபாய் மிஞ்சிவிட்டது.

இது கொஞ்சம் சங்கடம். இலங்கை ரூபாயை இங்கே எடுக்கும் கடைகள் குறைவு, எடுத்தாலும் விலை மிகக் குறைவு. யாழ்ப்பாணத்தில் வங்கி திறந்திருக்கும் நேரத்திலேயே மாற்றிவிட்டுத் துறைமுகத்துக்கு வருவதுதான் சரி. அங்கே முதலில் மாற்றியபோது உங்களுக்குக் கொடுத்த ரசீதை வங்கியில் கேட்கலாம், பத்திரமாக வையுங்கள். ஏற்கெனவே கொண்டுவந்துவிட்டால் அடுத்த பயணத்துக்கு எடுத்துவையுங்கள்.

முக்திநாத் யாத்திரை போய்வருகிறவர்களுக்கும் இதே பிரச்சினை. நேபாள ரூபாய் 1.60-க்கு இந்திய ரூபாய் 1 என்று நிலையாக இருக்கிறது, அதனால் விலை ஏறுமா என்று காத்திருப்பதில் பொருளே இல்லை. காத்மாண்டுவிலோ எல்லையிலோ மாற்றிவிடுங்கள், கும்பகோணத்தில் யாரும் வாங்க மாட்டார்கள். வியட்நாம் டாங், இந்தோனேசிய ரூபியா போன்ற பூஜ்யம் நிறைந்த பணமும் அப்படித்தான். லட்சக்கணக்கில் கையில் இருப்பதுபோல் தோன்றும், மாற்றினால் சில நூறு ரூபாய்.

பக்கத்து வீட்டுப் பையன் அடுத்த வாரம் சிங்கப்பூர் போகிறான். அவனிடம் கொடுத்து ரூபாய் வாங்கிக்கொள்ளலாமா?

ஊரில் எல்லோரும் செய்கிறார்கள், ஆனால் சட்டம் அனுமதிக்கவில்லை. உரிமம் பெற்றவரைத் தவிர வேறு யாருக்கும் வெளிநாட்டுப் பணத்தை விற்கவோ மாற்றிக்கொடுக்கவோ கூடாது. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. உரிமம் இல்லாமல் பணம் கைமாற்றுகிறவர்களை உண்டியல்காரர்கள் என்று ஊரில் சொல்வார்களே, அவர்கள் நல்ல விலை தருகிறேன் என்று வந்தாலும் பக்கத்தில் சேர்க்காதீர்கள். அந்தப் பணம் எங்கே போய் எதற்குப் பயன்படுகிறது என்று உங்களுக்குத் தெரியாது, விசாரணை வந்தால் உங்கள் பெயரும் அதில் இருக்கும். இருநூறு முந்நூறு ரூபாய் கூடக் கிடைக்கும் என்பதற்காக எடுக்க வேண்டிய ஆபத்து இல்லை இது.

சிங்கப்பூரிலிருந்து வந்த பெரியப்பா பிள்ளைகள் கையில் ஐம்பது வெள்ளி வைத்துவிட்டுப் போனார். அது?

வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வந்திருக்கும்போது அன்பளிப்பாகத் தருவதை வைத்துக்கொள்ளலாம், அதே 2,000 டாலர் வரம்புக்குள். பெரியப்பாவே தன் பணத்தை வங்கியில் போட விரும்பினால், வெளிநாடு வாழ் இந்தியர் என்ற முறையில் தன் என்ஆர்இ கணக்கில் வெளிநாட்டு நோட்டாகவே செலுத்தலாம். 5,000 டாலர் மதிப்புக்கு மேல் நோட்டாகக் கொண்டுவந்திருந்தால், இறங்கும்போதே சுங்கத்தில் அறிவிப்புப் படிவம் நிரப்பி வாங்கியிருக்க வேண்டும். அந்தப் படிவம் இல்லாமல் வங்கி தொகையை ஏற்காது.

ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணம் முன்கூட்டியே ஏற்றிய கார்டு) மீதி இருக்கிறது. உடனே மூடிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். ஹோட்டலிலும் வாடகைக் காரிலும் முன்பணமாகப் பிடித்துவைத்த தொகை விடுபடச் சில வாரங்கள் ஆகும். ரத்துசெய்த டிக்கெட்டுக்கோ திருப்பிக் கொடுத்த பொருளுக்கோ வர வேண்டிய பணமும் அதே கார்டுக்குத்தான் வரும். எல்லாம் வந்துசேர்ந்ததைப் பரிவர்த்தனைப் பட்டியலில் பார்த்த பிறகு, வங்கிச் செயலியிலோ கிளையில் படிவம் கொடுத்தோ மீதியைத் திரும்பப் பெறுங்கள். ரூபாய் உங்கள் கணக்குக்கு வந்துவிடும்.

கார்டில் உள்ள மலேசிய ரிங்கிட்டை டாலராக மாற்றி, பிறகு ரூபாயாக்க வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்திலும் வெட்டு விழும். பயன்படுத்தாத கார்டுக்கு மாதக் கட்டணம் பிடிக்கும் வங்கிகளும் உண்டு. அடுத்த பயணம் ஆறு மாதத்துக்குள் இல்லையென்றால் காலிசெய்வதே நல்லது.

விலை ஏறும் வரை காத்திருக்கலாமா?

நூறு இருநூறு வெள்ளிக்கு வேண்டாம். ஒரு வெள்ளிக்கு இரண்டு ரூபாய் ஏறினாலும் நூறு வெள்ளிக்கு இருநூறு ரூபாய்தான், அதற்குள் நோட்டு தொலையலாம், கெடலாம். அடுத்த வருஷமும் அதே நாட்டுக்குப் போவது உறுதி என்றால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விற்கும்போது ஒரு வெட்டு, திரும்ப வாங்கும்போது ஒரு வெட்டு என்ற இரண்டும் மிச்சம். அமீரகத் திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது, சவுதி ரியால் 3.75. அவற்றை வைத்திருப்பதும் டாலரை வைத்திருப்பதும் ஒன்றே.

வேளாங்கண்ணி, நாகூர், கோயில் உண்டியலில் போட்டுவிடலாமா?

மனசு உங்களுடையது. ஆனால் வாங்குகிற இடத்தில் வெளிநாட்டு நோட்டைத் தனியாகப் பிரித்து, கணக்கெழுதி, மாற்ற அலைய வேண்டியிருக்கிறது. நாணயமோ அவர்களுக்கும் செல்லாக் காசுதான். நோட்டை மாற்றி, ரூபாயாகக் காணிக்கை செலுத்தினால் முழுதும் பயன்படும்.

அடுத்த தடவை மிஞ்சாமல் இருக்க என்ன செய்வது?

நோட்டாகக் குறைவாக எடுத்துப் போங்கள். சிங்கப்பூர், அமீரகம், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளில் யுபிஐ ஏற்கும் கடைகள் இருக்கின்றன. கிளம்பும் முன் உங்கள் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவையுங்கள். கடைசி இரண்டு நாளுக்குப் புதிதாகப் பணம் மாற்றாதீர்கள். அந்த இரண்டு நாளும் முதலில் நோட்டு, பிறகு சில்லறை, அதற்குப் பிறகே கார்டு. ஹோட்டல் பில்லில் பாதியை நோட்டாகக் கட்டி மீதியைக் கார்டில் போடச் சொன்னால் பெரிய நோட்டும் தீரும். விமான நிலையத்துக்குப் போகும் வண்டிக்கு மட்டும் தனியாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.